முகத்துவாரம் எப்ப வெட்டுறது?

மாரி வந்தாலே எங்கட வீட்டில சண்டைதான். படுவான்கரையில வயல் செய்யிற மாமாவுக்கு முகத்துவார மணல்திட்டை உடனே வெட்ட வேணும், வெள்ளம் வடியும். வாவியில வலை வீசுற சித்தப்பாவுக்கு வெட்டக்கூடாது, இறால் கடலுக்குப் போயிரும்.

போன மாரியில மாமாவுக்காகக் கச்சேரிக்குக் கடிதம் எழுதினது நான். 2011 ஜனவரி வெள்ளம் நின்ற மட்டத்தை அவர் வயல் வாடித் தூணில கீறி வச்சிருக்கார். ராவில எழும்பி டோச் அடிச்சுப் பார்ப்பார். "பயமாக் கிடக்கு மனே, அதையும் எழுது" என்றார். நான் எழுதல்ல. பொறியியலாளர் வாசிக்கிற கடிதத்தில பயம் என்னத்துக்கு?

பிறகுதான் சேலஞ்சர் விண்கலத்தின் கதையை வாசித்தேன். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்று ரொக்கெட் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள் வாதாடினார்கள். எண்ணால் காட்டச் சொன்னபோது முடியவில்லை. முகாமையாளர்கள் ஏவச் சம்மதித்தார்கள். மறுநாள் 73 விநாடியில் கலம் சிதறியது, 7 பேரும் இறந்தார்கள். பெரிய வாடிக்கையாளரான நாசாவுக்காகத்தான் கம்பனி முடிவை மாற்றியது என்றது விசாரணைக் குழு. அதுவும் பயம்தானே? அதுக்கு மட்டும் முகாமைத்துவம் என்று பேர்.

இந்தமுறை தூணையும் எழுதினேன், பயத்தையும் எழுதினேன். சித்தப்பாவின் இறாலுக்கும் ஒரு பந்தி. அதை வாசிச்ச மாமா இன்னும் கையெழுத்து வைக்கல்ல.