பாட்டியின் பதம்

புதுச்சேரி நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1954 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் அதன் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. ஆட்சி மாறிய பின்னரும் அவ்வூர் அடுக்களைகளில் சில பழக்கங்கள் மாறவில்லை. கிறிஸ்துமஸ் நாளுக்கெனச் செய்யப்படும் 'விவிக்கம்' என்னும் கேக் அவற்றுள் ஒன்று.

பெரும்பாலான கேக்குகளுக்கு மைதா மாவு வேண்டும். விவிக்கத்திற்கோ ரவையே அடிப்படை. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, முந்திரி, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல் ஆகியவை அதனுடன் சேரும். பழங்களை ரம்மில் ஊறவைப்பது பழைய வழக்கம். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கும் வீடுகளும் உண்டு.

வறுத்த ரவை கலவையின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பொறுமை வேண்டும். ஊறாத ரவை வெந்தாலும் பல்லில் நறநறக்கும். முட்டையின் வெண்கருவைத் தனியே நுரை பொங்க அடித்து, இறுதியில் மெதுவாகக் கலப்பர். நுரையில் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கேக்கை உப்பச் செய்யும்.

புதுச்சேரியிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக விவிக்கம் செய்யப்பட்டு வருகிறது. கொள்ளுப்பாட்டி எதையும் எழுதி வைத்தாரில்லை. பாட்டிதான் முதன்முதலில் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதினார். ஆண்டுதோறும் டிசம்பரில் தில்லிக்கு வந்து, தம் கையாலேயே செய்தும் கொடுத்தார். அவர் மறைந்த ஆண்டில் குறிப்பேடு மட்டுமே வந்து சேர்ந்தது. "இந்த ஆண்டு நான் செய்கிறேன்" என்றாள் எட்டாம் வகுப்பில் பயிலும் பெயர்த்தி.

குறிப்பேட்டின் சொற்கள் அவளுக்குப் புதியவை. 'ரவை இரண்டு ஆழாக்கு' என்றிருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்றும், ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர் என்றும் தாய் விளக்கினார். 'இரண்டு நாழிகை ஊறட்டும்' என்றிருந்தது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்பதைத் தந்தையிடம் கேட்டறிந்தாள். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக 48 நிமிடம் ஊறவைத்தாள். ஆயினும், கேக் கல்லைப் போல் இறுகி வந்தது. ரவை பல்லில் நறநறத்தது.

பிழை எங்கே நேர்ந்தது? அளவிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. புதுச்சேரியில் மார்கழியிலும் வெண்ணெய் தானே இளகும். தில்லியிலோ டிசம்பர் இரவுகளில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அக்குளிரில் வெண்ணெய் இளகவில்லை, ரவையும் ஊறவில்லை. பாட்டி எழுதிய நேரம் புதுச்சேரியின் நேரம்.

"இங்கு வந்தால் பாட்டி கடிகாரத்தையா பார்த்தார்? ரவையை விரலால் நசுக்கியல்லவா பார்ப்பார்!" என்று தாய் நினைவுகூர்ந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல இரண்டு மணி ரவை போதும். விரலுக்கிடையில் அது மசிந்தால் கலவை ஊறிவிட்டது என்று பொருள். பாட்டியின் கைக்கு இது இயல்பாகிப் போனதால், எழுதவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை போலும். அருகில் நின்று பார்த்திருந்த மகளின் நினைவில்தான் அது தங்கியிருந்தது.

மறுநாள் மீண்டும் முயன்றார்கள். வெண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளக்கினார்கள். ரவை மசிவதற்கு நான்கு மணி நேரம் ஆனது. இம்முறை கேக் பொன்னிறமாக உப்பி எழுந்தது. வீடு முழுவதும் ஆரஞ்சுத் தோலின் மணம் பரவியது.

ஊர் மாறினால் அளவும் நேரமும் மாறலாம், பதம் மாறுவதில்லை. ஏட்டில் எழுதியதும் வேண்டும், அருகிருந்து கற்றதும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டின் சுவை அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும். அன்று மாலை, பாட்டியின் எழுத்துக்குக் கீழே பெயர்த்தி தமிழில் ஒரு வரி சேர்த்தாள்: 'தில்லிக் குளிரில் நான்கு மணி நேரம். எந்த ஊரானாலும் விரலால் நசுக்கிப் பார்க்கவும்.'