காணியுறுதியில் மிஞ்சிய காங்கேசன்துறை

காங்கேசன்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. இலங்கையின் வடக்கு இருப்புப்பாதை முடிவது அங்கேதான். துறைமுகம், வெளிச்சவீடு, சீமெந்துத் தொழிற்சாலை, கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள் என்று 1990 ஜூன் வரை நடமாட்டம் குறையாத சிறு பட்டினம் அது. அந்த மாதம் போர் மறுபடி மூண்டது. சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பலாலிப் படைத்தளத்தைச் சுற்றி விரிந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பட்டினமும் மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, பலாலி முதலிய அயலூர்களும் அகப்பட்டன. பலருக்கு அந்த ஊர்களுக்குள் மறுபடி கால்வைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இன்று காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவர் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்களை ஒவ்வொன்றாகக் கடப்பார். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது புதியவருக்குத் தெரியாது; மதில், கடை, வீடு, கோயில் எல்லாம் அவ்வளவு நெருக்கம். தெல்லிப்பழை கடந்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைத் தாண்டினால் அந்த நெருக்கம் கலைந்துவிடும். கூரையற்ற சுவர்கள், பற்றைக்காடு, இடையிடையே புதிதாகப் பூசிய சிறு வீடுகள். பனங்கூடல் நின்ற இடங்கள் வெட்டையாகக் கிடக்கின்றன. பனைமரக் குற்றிகள் பதுங்குகுழிகளுக்குப் போனது குடாநாடு முழுக்க நடந்த கதை.

ரயில் இங்கே வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1905இல் கொழும்பு வரை பாதை முழுமையாயிற்று. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு வருடமே அந்த வண்டியைக் கொண்டுதான் கணக்காகியது: தைப்பொங்கலுக்கு அப்பா வருவார், பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகள் போவார்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். கோச்சி என்றுதான் பழையவர்கள் சொல்வார்கள். இரவு மெயிலில் வருகிறவர்களில் கொடிகாமத்தான் விழித்திருக்க வேண்டும், சாவகச்சேரியான் விழித்திருக்க வேண்டும். காங்கேசன்துறைக்காரர் மட்டும் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம். அதற்கு அப்பால் கடல். 1990இல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. இந்திய உதவியுடன் பாதை புதிதாகப் போடப்பட்டு 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கு மறுபடி ரயில் வந்தபோது, நிலையத்துக்கு வெளியே ஏறி இறங்க ஊர் இல்லை. ஊருக்கு முன் ரயில் திரும்பியது என்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

பட்டினத்துக்குச் சம்பளம் கொடுத்தது சீமெந்துத் தொழிற்சாலை. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது, 1950இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாடே சுண்ணக்கல்மேல் இருப்பதால் கல்லுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, காலடியில் அகழ்ந்தார்கள். களிமண் மட்டும் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. நிரந்தர வேலை, குவாட்டர்ஸ், ஓய்வூதியப் பேச்சு இவையெல்லாம் விவசாயமும் கடற்றொழிலும் மட்டுமே தெரிந்த குடும்பங்களுக்கு இங்கேதான் அறிமுகமாயின. அயல்வீட்டுக் கூரையிலும் முருங்கை இலையிலும் படிந்த வெள்ளைத் தூசியும் அதோடு வந்ததே. பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் அந்தத் தூசிக்கு இடம் குறைவு. சம்பள நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தொழிற்சாலை 1990இல் நின்றது, பிறகு இயங்கவேயில்லை. கல் அகழ்ந்த பெருங்கிடங்குகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

தேர்தல் தொகுதியாகவும் இந்தப் பெயர் தீவெங்கும் தெரிந்தது. 1947இல் இங்கே வென்ற தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972இல் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து இடைத்தேர்தல் கேட்டார். 1975 பெப்ரவரி வரை அதை இழுத்தடித்தது அரசாங்கம்.

1990இல் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் முதலில் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். ஒன்றிரண்டு கிழமையில் திரும்பலாம் என்ற எண்ணத்தில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்தவர்கள் பலர். 1995 ஒக்டோபர் இறுதியில் இந்த ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது இவர்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. பின்னர் மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அங்கே பிறந்து, படித்து, கலியாணம் கட்டிய பிள்ளைகளிடம் எந்த ஊர் என்று கேட்டால் ஒருநாளும் பார்த்திராத மயிலிட்டியையோ ஊறணியையோ சொல்வார்கள்.

பார்க்காத ஊரை அவர்களுக்குக் காட்டிய கடதாசி ஒன்று உண்டு: பொலித்தீன் பையில் சுற்றி, ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் கூட வந்த காணியுறுதி. யாழ்ப்பாணத்து உறுதியில் நொத்தாரிசு முதலில் காணிக்குப் பெயர் எழுதுவார். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் இருக்கும். பிறகு விஸ்தீரணம், பரப்புக் கணக்கில். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அடுத்து நான்கு எல்லை: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய பிள்ளைகளின் காணி, தெற்கே இன்னார். கடைசியில் கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும். அந்த ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்தால் அயலட்டை முழுவதும் வந்துவிடும்: யார் யாருக்குப் பக்கம், எந்தக் கிணற்றில் எத்தனை வீடு அள்ளியது, எந்த ஒழுங்கையால் மாட்டைக் கொண்டுபோனார்கள். படங்களைவிட இதுதான் ஊரைச் சரியாக வைத்திருந்தது என்று சொல்லலாம். தப்பிய படங்கள் பெரும்பாலும் கலியாணப் படங்கள். அவற்றில் ஊர் தெரியாது.

2013இல் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் வந்தபோது இந்த உறுதிகள் வேறு வேலைக்கு எடுக்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

காணிகள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இல் பழைய இடத்துக்குத் திரும்பியது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதி கிடைத்தது. உள்ளே போனவர்களுக்கு முதற்பிரச்சினை தங்கள் வளவு எது என்பதுதான். கதியால் வேலி இல்லை, படலை இல்லை, ஒழுங்கையில் காடு. சில இடங்களில் புல்டோசர் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தது. பலருக்குக் கிணறுதான் கை கொடுத்தது. சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணற்றைத் தூர்க்கலாம், பெயர்க்க முடியாது. கல்லும் குப்பையும் நிரம்பிய வாயைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடுக்களை இத்தனை அடி, தலைவாசல் இத்தனை அடி என்று கிழவர்கள் காலால் அளந்தார்கள். உறுதியின் உதவிக்கும் ஒரு எல்லை உண்டு. உறுதி அயலவரின் பெயரால் எழுதப்பட்டது. அந்த அயலவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்தால், அல்லது இறந்துபோயிருந்தால், தன் பக்கத்து வேலியைக் காட்ட ஆளில்லை. நில அளவையாளர் பழைய வரைபடத்தோடு வந்து கட்டை அடிக்கும் நாளில் நாலு பக்கத்தவரும் ஒன்றாக நிற்கவேண்டியிருந்தது. தனியாகத் திரும்பிய குடும்பங்கள் காத்திருந்தன.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழி இப்போது இலகு. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. இடையில் நின்று, அடுத்த வருடம் மறுபடி ஓடியது. வந்து இறங்குகிறவர் கீரிமலைக் கேணியில் குளிக்கலாம், நகுலேஸ்வரத்தில் கும்பிடலாம். தன் காணிக்குப் போகலாமா என்பது அது படையினரின் வேலிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான் திறந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. கடற்கரையோரத்தில் கணிசமான நிலம் இன்னும் படையினரிடம் இருக்கிறது. தையிட்டியில் தனியார் காணிகளில் எழுந்த பௌத்த திஸ்ஸ விகாரையின் முன்னால், 2023 முதல் காணிக்காரர்கள் போயா நாட்களில் கூடித் தங்கள் நிலத்தைக் கேட்டு நிற்கிறார்கள்.