நறுமணத்தின் கிரயம்

இவ்வாரத் தியானப் பகுதி: யோவான் 12:1–8, 2 சாமுவேல் 23:13–17, வெளிப்படுத்தின விசேஷம் 18:11–13



கிறிஸ்துமஸ் முந்தின இரவு ஆராதனைக்காக நம் பெண்கள் ஐக்கியத்தினர் மெழுகுவர்த்தி வார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு நறுமணம் கலந்து செய்து, ஆராதனைக்குப் போக மீதியை விற்று, அத்தொகையை விதவையர் உதவி நிதிக்குக் கொடுக்கலாம் என்று அவர்கள் விரும்பினர். எந்த வாசனை எண்ணெயை வாங்குவது என்று முடிவு செய்யக் கூடிய நாளில் என்னையும் அழைத்திருந்தனர். மேசைமீது மூன்று குப்பிகள் இருந்தன. ஒன்று மலிவான சந்தன வாசனை எண்ணெய். மற்றொன்று சற்று விலை உயர்ந்த மல்லிகை வாசனை எண்ணெய். மூன்றாவது, ஒரு சகோதரி தம் வீட்டுப் பெட்டியில் நெடுங்காலமாகக் காத்து வைத்திருந்த அசல் சந்தனத் தைலம். சில துளிகளே இருந்தன.

கணக்குப் பார்த்தோம். ஒரு மெழுகுவர்த்திக்கு 100 கிராம் மெழுகு என்றால் 150 மெழுகுவர்த்திக்கு 15 கிலோ. நூறு பங்கு மெழுகுக்கு ஆறு பங்கு வாசனை எண்ணெய் என்று கொண்டால் 900 கிராம் வேண்டும். அசல் சந்தனத் தைலம் ஒரு கிலோ இலட்சம் ரூபாயைத் தாண்டும். ஆகவே அது பேச்சோடு நின்றது. ஆயினும் மற்ற இரண்டில் எது என்ற விவாதம் எழுந்தது. “ஆண்டவருக்குச் செய்வதில் மலிவு பார்க்கலாமா?” என்றார் ஒருவர். “அந்த வித்தியாசப் பணத்தை விதவைகளுக்கே கொடுத்துவிடலாமே?” என்றார் மற்றொருவர். பெத்தானியாவின் பந்தி நம் சபைக் கூடத்திற்கே வந்துவிட்டது என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். (அவ்வாறு கேட்ட சகோதரியை யூதாஸோடு ஒப்பிடுவதாக ஒருவரும் எண்ண வேண்டாம், விதவையர் வீடுகளுக்கு நம்மில் அதிகமாகச் சென்று வருபவர் அவரே.)

அப்பொழுது, அதுவரை பேசாதிருந்த ஒரு மூத்த தாயார் சொன்னார்: “ஐயா, எந்த வாசனை வேணும்னாலும் போடுங்க. சந்தனம் மட்டும் வேண்டாம்.” அவர் அரூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். காரணத்தை அவர் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. அங்கிருந்த வயதில் மூத்தவர்களுக்கு அது விளங்கிற்று. எனக்கும் விளங்கிற்று. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்பானவர்களே, ஒரு வாசனை எண்ணெய் ஏன் விலை உயர்ந்ததாக இருக்கிறது என்று எப்பொழுதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சந்தன மரம் தன் வேரால் அண்டை மரங்களின் வேரைப் பற்றி அவற்றிடமிருந்து உணவு பெற்று வளர்வது. அதன் தைலம் இலையிலோ பூவிலோ இல்லை. நடுவே உள்ள வைரம் பாய்ந்த கட்டையிலும் வேரிலும் இருக்கிறது. அந்த வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். பிறகு மரத்தை வீழ்த்திப் பொடித்து, நீராவியில் நெடுநேரம் வடிக்க வேண்டும். மல்லிகையோ வேறு விதம். நீராவியில் அதன் மணம் கெடும். ஆகவே கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கின்றனர். ஒரு கிலோ தூய மல்லிகைச் சாற்றுக்கு 700 கிலோ முதல் 1,000 கிலோ வரை பூ வேண்டும். நம் மாவட்டத்துக் குண்டுமல்லித் தோட்டங்களில், நாம் உறங்கும் வேளையில் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து மொட்டுப் பறிக்கும் கைகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் சில நம் சபையாரின் கைகளே.

கடைகளில் மெழுகுவர்த்திக்கென்று விற்கப்படும் எண்ணெய்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. அதில் குற்றமில்லை, மரம் பிழைக்கிறது. நல்ல எண்ணெய் மெழுகோடு ஒட்டி நிற்கும், சூட்டைத் தாங்கும், எரியும்போதும் மணக்கும். மட்டமானது குப்பியில் மணத்து, தீபத்தில் புகையும். விலை கூடினால் மணம் கூடும் என்பதும் இல்லை. அளவுக்கு மேல் ஊற்றினால் மெழுகு அதை ஏற்காமல் வியர்த்துவிடும், திரி அடைபடும். இவையெல்லாம் நம் சகோதரிகள் எனக்குக் கற்றுத்தந்தவை. ஆனால் அந்தத் தாயார் நினைவூட்டிய கிரயம் எந்தக் குப்பியின் விலைச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

அரூருக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் ஊர் இருக்கிறது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். நம் மலைகளின் சந்தன மரம் தொலைதூரச் சந்தைகளில் பொன்போல் விலைபோன காலம் அது. வீரப்பன் பெயரை நாடே அறிந்திருந்த காலம். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் அவ்வூருக்குள் நுழைந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பின்பு அவ்வூராரே குற்றவாளிகளாகச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

அந்தப் பெண்கள் வாய் திறந்து சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29-ஆம் நாளில் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டு, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இடையே கழிந்தவை 31 ஆண்டுகள்.

இதை உங்களுக்கு எழுதும்போது என்னைக் குறித்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1992-இல் நான் இறையியல் கல்லூரி மாணவன். யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தின் பரிசுத்த தைலத்தையும் தூபவர்க்கத்தையும் குறித்துக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். வெள்ளைப்போளம் எத்தனை சேக்கல், இலவங்கம் எத்தனை சேக்கல் என்று மனப்பாடமாகச் சொல்வேன். வாச்சாத்தியைக் குறித்த செய்தியையும் படித்தேன். கடத்தல்காரருக்குத் துணைபோன ஊர் என்று சொல்லப்பட்டதை நம்பி, செய்தித்தாளை மடித்து வைத்தேன். 2011-இல் தீர்ப்பு வந்தபோது நம் மாவட்டத்திலேயே வேறொரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அதற்கடுத்த ஞாயிறு அக்டோபர் 2. அன்று பிரசங்க பீடத்தில் நின்று சமாதானத்தைக் குறித்துப் பேசினேன். அந்தப் பெண்களைக் குறித்து ஜெபத்திலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபையில் அரசு ஊழியர் பலர் இருந்தனர். அவர்கள் மனம் நோகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சமாதானத்தைப் பிரசங்கித்த வாய் அன்று பயத்தினால் மூடியிருந்தது. கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

இப்பொழுது வேதத்திற்கு வருவோம். பெத்தானியாவில் மரியாள் கொண்டுவந்த நளதத் தைலம், இமயமலையில் விளையும் சடாமாஞ்சில் என்னும் செடியின் வேர்த்தண்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் அதே சரக்கு. நம் மலைகளின் மணம் ஆண்டவருடைய பாதங்களைத் தொட்டிருக்கிறது! அதன் விலை முந்நூறு பணம் என்று யூதாஸ் கணக்கிட்டான். ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு பணம். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. யூதாஸ் விலையைச் சரியாகவே சொன்னான். ஆனால் அந்த விலையைச் செலுத்தியவள் யார் என்று அவன் பார்க்கவில்லை. மரியாள் தன்னுடையதைக் கொடுத்தாள். தன் கூந்தலாலேயே துடைத்தாள். ஆகவே ஆண்டவருடைய பாதத்தின் மணம் அவள் தலையிலும் இருந்தது. ஆண்டவர் அவளைத் தடுக்கவில்லை. தம் அடக்கத்தை முன்னிட்டு அவள் செய்ததாக அதை ஏற்றுக்கொண்டார்.

வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் வேறொரு வாசனைப் பட்டியல் உண்டு. பாபிலோன் விழுந்தபோது, தங்கள் சரக்கை வாங்க இனி ஆளில்லை என்று வர்த்தகர் அழுகின்றனர். பொன்னில் தொடங்கும் அப்பட்டியலில் வாசனைக் கட்டையும் தூபவர்க்கமும் தைலமும் சாம்பிராணியும் வருகின்றன. கடைசியில் வருவது மனிதரின் உயிர். நறுமணத்தையும் மனித உயிரையும் ஒரே துலாக்கோலில் வைத்து விற்ற நகரம் அது. பல ஆண்டுகள் இந்த வசனத்தைக் கடந்து சென்றிருக்கிறேன். இப்பொழுது அதை வாசிக்கும்போது சித்தேரி மலை என் கண்முன் நிற்கிறது.

தாவீதும் ஒருமுறை இத்தகைய கிரயத்தைக் கண்டுகொண்டான். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்கு அவன் ஏங்கினான். பராக்கிரமசாலிகள் மூவர் பகைவரின் பாளயத்தை ஊடுருவிச் சென்று அதை மொண்டு வந்தனர். அது அவர்கள் தாமாக விரும்பிச் செய்தது. ஒருவரும் அதில் உயிரிழக்கவுமில்லை. ஆயினும் தாவீது அதைக் குடிக்கவில்லை. பிறர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தது தன் தாகத்திற்கு உரியதன்று என்று கர்த்தருக்கு முன்பாக ஊற்றிவிட்டான். நாமோ கொண்டு வந்தவன் யார் என்று கேளாமலே குடித்து முடித்துவிடுகிறோம்.

ஆண்டவருக்கு விலையுயர்ந்ததைக் கொடுக்கலாமா என்பதற்கு பெத்தானியாவில் பதில் கிடைத்துவிட்டது: கொடுக்கலாம், அது நம் சொந்தக் கிரயமாக இருந்தால். வேறொருவருடைய கூலி, வேறொருவருடைய நிலம், வேறொருவருடைய கண்ணீர் அதில் கலந்திருந்தால், அது எத்தனை உயர்ந்த தைலமானாலும் தேவனுடைய சந்நிதியில் மணக்காது.

நம் சகோதரிகள் எடுத்த முடிவைச் சொல்லி நிறைவு செய்கிறேன். இவ்வாண்டு சந்தனம் இல்லை. மல்லிகை வாசனை எண்ணெயை, ரசீதும் தரச்சான்றும் கொடுக்கும் கடையில் வாங்குகிறோம். அதன் செலவை நிதியிலிருந்து எடுக்காமல் ஐக்கியத்தினர் தாமே பகிர்ந்துகொள்கின்றனர். ஆதலால் விற்ற தொகை முழுவதும் விதவையருக்குச் சேரும். அட்டையில் “மல்லிகை வாசனை” என்று மட்டுமே அச்சிடுவோம். அசல் மல்லிகைச் சாறு என்று பொய் சொல்ல மாட்டோம். ஆராதனையில் ஏற்றுபவை மணமில்லாத வெறும் மெழுகாகவே இருக்கும்; இளைப்பு நோயுள்ளோர் நம் நடுவே இருக்கின்றனர். அன்றிரவு மன்றாட்டு வேளையில் வாச்சாத்தி ஊரைப் பெயர் சொல்லி நினைவுகூருவோம். தாமதமாகத்தான். ஆயினும் செய்வோம்.

கூட்டம் முடிந்தபின், அசல் சந்தனத் தைலம் கொண்டுவந்த சகோதரி அக்குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, இதை என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அது அவருடைய தாயார் கொடுத்தது. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் நீங்கள் மிகவும் விரும்பும் ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். அதற்கு நீங்கள் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். வேறு யாரேனும் அதற்கு விலை கொடுத்தார்களா என்று கர்த்தரிடம் கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, நாங்கள் உமக்குப் படைக்கும் நறுமணத்தில் எளியவரின் கண்ணீர் கலந்திருந்தால் அதை எங்களுக்குக் காட்டியருளும். நாங்கள் பேசாதிருந்த நாட்களை மன்னியும். வாச்சாத்தியின் தாய்மாரையும் பிள்ளைகளையும் தேற்றும். எங்களுக்காகத் தம் சொந்த உயிரையே கிரயமாகச் செலுத்திய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்