செக்போஸ்ட் ஊர்க்காரனை நிறுத்திய செக்போஸ்ட்



எளாவூர் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது செக்போஸ்ட்தான். அந்த ஊர்க்காரனான என்னையே போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். காரணம், எங்கள் கருப்பன்.

வானம் தெளிந்த நாளில் நம் பக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை நீலக்கோடாகத் தெரியும். அந்தப் பக்கம் பெய்யும் மழைதான் ஆரணி ஆறாகவும் காளங்கியாகவும் ஓடிவந்து பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. அந்த நல்ல தண்ணீர் கடலின் உப்போடு கலப்பதால்தான் நமக்கு இறாலும் மடவையும் கிடைக்கின்றன. வருடா வருடம் வகுப்பில் வரைபடத்தில் காட்டியிருக்கிறேன். ஆனால் மலைக்குப் போனதில்லை. பேரன் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். கருப்பனும் காரில் ஏறிக்கொண்டான்.

தடா தாண்டி மலையடிவாரம் போனதும் ஒரு தடுப்பு. காவலுக்கு இருந்த பையன் தெலுங்கில், "நாயை உள்ளே விடமாட்டோம் சார்" என்றான்.

"இது கடிக்காதுப்பா. நான் வாத்தியாரா இருந்தவன், பொய் சொல்லமாட்டேன்" என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தி.

"கடிக்கும்னு சொல்லல சார். நாய்க்கு வர்ற நோய் காட்டு மிருகத்துக்கும் ஒட்டும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பேரனை அருவிக்கு அனுப்பிவிட்டு, நானும் கருப்பனும் ஓடைக்கரையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். அவன் தண்ணீரில் படுத்துக்கொண்டான். நான் போனில் தேடிப் படித்தேன்.

டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் அதனால் அழிந்தன. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் சிலவற்றில் இதே வைரஸ் இருந்தது. அறிகுறிகள்: மூக்கு ஒழுகும், கண்ணில் பீளை கட்டும், கடைசியில் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் கருப்பனோடு பிறந்த நான்கு குட்டிகளும் அப்படித்தான் செத்தன. எதிர்வீட்டுக்காரர்தான் சோற்றில் விஷம் வைத்தார் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கருப்பனைக் கொண்டுபோனேன். விவரம் கேட்டுவிட்டு, "அது விஷமா இருக்காது சார், பெரும்பாலும் டிஸ்டெம்பர்தான்" என்றார். முகாமில் போடுவது வெறிநாய்க்கடிக்கான ஊசி மட்டும், இதற்குத் தனி ஊசி என்றும் சொல்லிப் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லி, "தப்பு என்மேலதான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உள்ள வாங்க வாத்தியாரே" என்றார். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்தார். கருப்பன் வாசலிலேயே படுத்துக்கொண்டான்.

நாய் வளர்ப்பவர்கள் வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்தாதீர்கள். டிஸ்டெம்பர் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். காட்டு வாசலில் நிறுத்தினால் கோபப்படாதீர்கள். அருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு இன்னொரு நாள், கருப்பன் இல்லாமல்.