தோற்ற காசும் வென்ற காசும்

"தோத்த காசுக்கு ஆர் மருமகன் வரியத் திருப்பித் தாறது?"

என் தாய்மாமன் என்னிடம் இவ்வாறு வினவியது 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து மாலையொன்றில். ஆரையம்பதியில் எமது வளவின் வேப்பமர நிழலில் கடதாசிக் கூட்டம் கூடியிருந்த வேளை அது. பொருளியலை ஒரு பாடமாகக் கற்கும் கலைப்பீட மாணவன் என்ற வகையில் யான் விடை கூறுவேன் என்று அங்கிருந்த நால்வரும் எதிர்பார்த்தனர். யான் கூறவில்லை, கூறத் தெரிந்திருக்கவுமில்லை. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

வினாவின் பின்னணி இதுதான். மாமாவுக்கு லொத்தரில் பத்து இலட்சம் ரூபா விழுந்தது. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் அச்செய்தி பரவுவதற்கு அரைமணி நேரம் போதுமானதாயிற்று. கந்தசுவாமி கோவிலில் அருச்சனை நடந்தது; அதுவரை எம்மை நினைத்தறியாத உறவினர் சிலரும் வந்து தேநீர் அருந்திச் சென்றனர். ஆனால் மாமா கொழும்புக்குச் சென்று திரும்பியபோது அவர் கையில் இருந்தது 8,60,000 ரூபாவுக்கான காசோலை. எஞ்சிய 1,40,000 ரூபாவைச் சீட்டு விற்ற முகவரே விழுங்கிவிட்டார் என்பது மாமாவின் முடிபு. சந்தியில் நின்று அவரை ஏசியும் விட்டார். அதன் பின்னரே, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த தாளொன்றை என்னிடம் நீட்டினார். அது நிறுத்திவைத்தல் வரிக்கான சான்றிதழ். முகவர் மீது யாதொரு குற்றமுமில்லை என்பதை விளக்கி, மறுநாள் மாமாவை அழைத்துச் சென்று சமாதானம் செய்துவைக்கும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், லொத்தர், பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றில் வெல்லும் பணத்தின் மீது நூற்றுக்கு 14 வீதத்தை, கொடுப்பவரே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமென விதித்தது. இவ்வேற்பாடு 2018 சித்திரையில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத லொத்தர்ப் பரிசுக்கு இவ்வரி இல்லை. ஆயின் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத்தொகைக்கும் வரி உண்டு. ஐந்து இலட்சம் வென்றவர் ஐந்து இலட்சத்தையும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல, ஐந்தரை இலட்சம் வென்றவர் 4,73,000 ரூபாவையே கொண்டுசெல்வார். கூடுதலாக வென்றவர் குறைவாகப் பெறும் இவ்விந்தையைக் கேட்டு மாமா முதன்முறையாகச் சிரித்தார். அச்சிரிப்புக்குப் பின்னரே மேற்கூறிய வினா பிறந்தது.

மாமா சூதாடி அல்லர் என்பதை இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். அவர் தறியில் நெய்து வாழ்ந்தவர். எங்கள் பகுதியில் முந்நூற்றுநான்கு ஆட்டத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை எனப் பெயர் பெற்றவர். ஈழத்தமிழர் வீடுகளில் அறியாதார் இல்லாத அவ்வாட்டத்தில், ஏழுக்குக் கீழ்ப்பட்ட கடதாசிகள் நீக்கப்படும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒவ்வோரினத்துக்கும் 76 புள்ளிகள். நான்கினத்துக்கும் சேர்த்து 304. முதல் நான்கு கடதாசிகளை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். துரும்பு கவிழ்ந்து கிடக்கும். எதிரே அமர்ந்திருக்கும் சோடியின் கையில் என்ன உண்டென்பதை அவர் இறக்கும் கடதாசிகளைக் கொண்டே உய்த்துணர வேண்டும். விழுந்த கடதாசி அத்தனையையும் மாமா நினைவில் வைத்திருப்பார். வலுவற்ற கையை வைத்துக்கொண்டு கேட்பவர்களை அவர் ஒருபோதும் மன்னித்ததில்லை. யானும் பலமுறை வசை வாங்கியிருக்கிறேன்.

அத்தகையவர் நாள்தோறும் இரண்டு லொத்தர்ச் சீட்டுகள் வாங்கி வந்தார். சீட்டில் உய்த்துணர்வதற்கு எதுவுமில்லை. மகாஜன சம்பத என்ற சீட்டையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்த வேண்டும் என்பதால், நிகழக்கூடிய சேர்க்கைகள் இரண்டு கோடியே அறுபது இலட்சமாகும். நாளுக்கு ஒரு சீட்டு வீதம் அத்தனையையும் வாங்கி முடிக்க 71,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். மாமாவின் நினைவாற்றலுக்கு அங்கே வேலையேயில்லை.

முந்நூற்றுநான்குக்கும் லொத்தருக்கும் இடைப்பட்டதோர் ஆட்டம் உண்டென்பதை மாமாவின் மூத்த மகன் வாயிலாக அறிந்தேன். அவர் ரொறன்ரோவில் வாழ்பவர். எனக்கு மச்சான் முறையானவர். மாமாவின் வரிக்கதையைத் தொலைபேசியிற் கேட்டதும், "இதே கூத்து எனக்கும் நடந்தது மச்சான்" என்றார். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் சென்றவர், பாலத்தைக் கடந்து அமெரிக்கக் கரையிலுள்ள சூதாட்ட மண்டபமொன்றில் வீடியோ போக்கர் பொறியின் முன் அமர்ந்தாராம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த பொறி இது. திரையில் ஐந்து கடதாசிகள் தோன்றும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை மாற்றலாம். கிடைக்கும் சேர்க்கைக்கேற்பப் பொறி பணம் தரும். எதிராளி இல்லை, ஏமாற்றும் முகமில்லை, கணக்கு மட்டுமே உண்டு.

அக்கணக்கு சுவையானது. ஜாக் சோடியிலிருந்து பரிசு தொடங்கும் ஆட்டத்தின் தாராளமான வகையில், ஒவ்வொரு கையையும் பிழையின்றி ஆடுபவருக்கு, நீண்டகால அளவில், இட்ட நூறு டொலருக்கு 99.54 டொலர் திரும்பி வரும். லொத்தர் வாங்குபவர் கனவிலும் காணாத வீதம் இது! ஆனால் பிழையின்றி ஆடுவதற்கு மனத்திண்மை வேண்டும். ஐந்தும் ஓரினமாக அமைந்து ஆறு மடங்கு பரிசு உறுதியாகக் கையிலிருக்கிறது எனக் கொள்வோம். அவற்றுள் நான்கு, றோயல் ஃபிளஷ் எனப்படும் உச்சச் சேர்க்கைக்கு உரியனவாயின், உறுதியானதைக் கலைத்து ஐந்தாவதை மாற்ற வேண்டும் என்கிறது கணிதம். எஞ்சிய 47 கடதாசிகளில் ஒன்றே ஒன்று 800 மடங்கைத் தரும். அவ்வொன்றின் சராசரிப் பெறுமதி மட்டுமே 17 மடங்காகும். இதனை மாமாவுக்கு விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அது சரியான கேள்விதான்" என்று ஏற்றுக்கொண்டார்.

எனினும் அந்த 99.54 என்ற எண்ணுள் ஒரு பொடி ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ நாற்பதாயிரம் கைகளுக்கு ஒருமுறை வரும் றோயல் ஃபிளஷின் பங்கு அதில் இரண்டு டொலர் அளவாகும். அதாவது, உச்சச் சேர்க்கை வராதவரையில், செம்மையாக ஆடுபவரும் நூற்றுக்கு இரண்டரை வீதம் வரை இழந்துகொண்டேயிருப்பார். அவ்விழப்பை ஏறக்குறைய ஈடுசெய்வது அந்த ஒரு கை. வரிக்காரரின் கண்ணும் அந்த ஒரு கையின் மீதே விழுகின்றது. மச்சானுக்குக் கிடைத்தது 4,000 டொலர். அமெரிக்காவில் வதியாதவர் என்பதால் நூற்றுக்கு 30 வீதமாக 1,200 டொலரை அவ்விடத்திலேயே பிடித்துக்கொண்டு 2,800 டொலரைக் கையிற் கொடுத்தனர். உச்சச் சேர்க்கைக்கு மட்டும் இவ்வரி விழுவதாகக் கொண்டு கணக்கிட்டால், பிழையற்ற ஆட்டத்தின் பெறுபேறு 99.54இலிருந்து ஏறத்தாழ 98.95க்கு இறங்குகிறது, இழப்பு இரு மடங்குக்கு மேலாகிறது. ஆற்றின் இக்கரையில், கனடாவில், பொழுதுபோக்காக ஆடுபவரின் வெற்றிக்கு வருமான வரியே இல்லை. மச்சான் பாலத்தைக் கடவாதிருந்திருக்கலாம்.

மாமாவின் வினாவுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடை கூறுகின்றது. அமெரிக்காவில் வதிபவர், வென்ற தொகையின் அளவுக்குத் தம் இழப்புகளைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்பது நெடுங்காலம் நிலவிய முறை. 2025இல் இயற்றப்பட்ட சட்டம், 2026 தொடக்கம் இழப்பில் 90 வீதத்தையே கழிக்கலாமெனக் குறைத்தது. ஓராண்டில் ஓரிலட்சம் டொலர் வென்று அவ்வோரிலட்சத்தையும் தோற்று வெறுங்கையுடன் நிற்பவர், அவ்விதிப்படி 10,000 டொலருக்கு வரி செலுத்த வேண்டியவராவார். அதே சட்டம், 1977 தொடக்கம் 1,200 டொலராக இருந்த பொறிப்பரிசு அறிவிப்பெல்லையை 2,000 டொலராக உயர்த்தியது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்தது எனலாம். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ லொத்தர் வெற்றிக்கு 30 வீதம் விதித்து, சீட்டு வாங்கிய செலவைக் கழிக்கவே இடமளிக்கவில்லை. எமது நாட்டிலும் பிடிக்கப்படும் 14 வீதம் இறுதியானது; அத்துடன் கணக்கு முடிந்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் உற்சவ காலத்தில் பாரதக் கதை கேட்டு வளர்ந்த மாமா, "தருமர் நாட்டத் தோத்தார்; சகுனிட்ட ஆரும் வரி கேக்கல்லியே" என்றார்.

இனி மாமாவின் இழப்பு எவ்வளவு? அதனை அறிவதற்கு மாமியின் உதவி கிடைத்தது. விழாத சீட்டுகள் அனைத்தையும் அவர் எறியாமல் இரண்டு பெரிய பிஸ்கற் தகரங்களில் அடுக்கி வைத்திருந்தார். சாட்சிக்காக வைத்தேன் என்றார். எந்த வழக்கின் சாட்சி என்று யான் கேட்கவில்லை. சிறு பரிசு விழுந்த சீட்டுகள் முகவரிடம் கைமாறிப் புதுச் சீட்டுகளாகிவிட்டமையால் அவை தகரத்தில் இல்லை. இரண்டு இரவுகள் விழித்திருந்து எண்ணினேன். 2022இல் சீட்டு விலை 40 ரூபாவாக உயருமுன் வாங்கியவை 9,140. அவற்றை 20 ரூபா வீதம் கணக்கிட்டேன். உயர்ந்த பின் வாங்கியவை 780. மொத்தம் 2,14,000 ரூபா. இத்தொகையைப் பரிசிலிருந்து கழித்துவிட்டு வரி விதித்திருப்பின் மாமா செலுத்தவேண்டியது 1,10,040 ரூபா மட்டுமே. கூடுதலாகச் சென்ற 29,960 ரூபா, தோற்ற காசுக்குச் செலுத்திய வரி. தகரத்தினுள் கிடக்கும் பதின்மூன்று ஆண்டுகளைச் சட்டம் காணவில்லை; பரிசு வானத்திலிருந்து விழுந்ததாகவே அது கொள்கின்றது. ஆனால் ஊராரும் உறவினரும் அவ்வாறே கொண்டனர் என்பதையும், மாமாவுமே அவ்வாறுதான் கொண்டார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

ஏனெனில் பரிசுப் பணத்தில் மாமியின் சங்கிலி அடைவிலிருந்து மீண்டது. வீட்டின் முன்பகுதிக்கு ஓடு போடப்பட்டது. குசினி இன்னும் தகரக் கூரையுடனேயே நிற்கிறது. மாமா இப்பொழுது நாளுக்குப் பத்துச் சீட்டுகள் வாங்குகிறார். சூதிற் கிட்டும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வாவியில் தூண்டில் போட்டு வளர்ந்த மாமாவுக்கு அதன் பொருளை யான் விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டெம்பர் தொடக்கம் 2025 ஓகஸ்ட் வரையான 731 நாட்களுக்கும் நாளுக்கு 400 ரூபா எனக் கொண்டால் 2,92,400 ரூபா. பிடிக்கப்பட்ட வரியின் இரு மடங்குக்கும் அதிகம். வரியைப் பற்றி அவர் இன்றும் குறைப்படுகிறார். இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இக்கணக்கைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அவரிடம் காட்டவில்லை.

காட்டாமைக்குக் கோழைத்தனம் மட்டும் காரணமன்று. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்துக்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் வருவாயில் ஒரு பங்கு செல்கின்றது. மாதந்தோறும் 5,000 ரூபாவாக இருந்து 2025இல் 7,500 ரூபாவாக உயர்ந்த அப்புலமைப்பரிசிலை யானும் பெறுகிறேன். இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவருட் பலரும் பெறுகின்றனர். எனது பேருந்துக் கட்டணமும் நிழற்படப் பிரதிகளும் இரவுக் கொத்துரொட்டியும் அதனால் நடப்பவை. மாமாவுக்கு இது தெரியும். மகாபொலப் பணம் வங்கியில் விழுந்ததா என்று மாதாமாதம் கேட்டுவிட்டு, "என்ட காசிலதான் மருமகன் நீ படிக்கிறாய்" என்று நகைப்பார். விளையாட்டாகச் சொல்வதுதான். அவர் வாங்கும் சீட்டு எச்சபையினது என்று யான் பார்ப்பதைத் தவிர்க்கிறேன்.

சென்ற விடுமுறையில் மீண்டும் வேப்பமரத்தடியிற் கூடினோம். மாமா என் சோடி. முதல் நான்கு கடதாசிகளை விரித்துப் பார்த்தார். ஏழும் எட்டும் ராணியுமாக இருந்திருக்க வேண்டும். "இந்தக் கைக்குக் கேக்கேலா" என்று கவிழ்த்து வைத்தார். அந்த ஆட்டம் முடிந்ததும் மணியைப் பார்த்துவிட்டுச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். சந்தியில் சீட்டுக் கடை ஏழு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.