கணினி அறையில் ஒரு மாலை

இம்மலரில் தாங்கள் வாசிக்கும் கட்டுரைகளுள் 31, எங்கள் கையாலேயே அழிந்துபோயின என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கணினிகள் பழையவை. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. லினக்ஸில் இயங்குபவை. திரையில் தெரியும் பட்டைகளும் சின்னங்களும் 'க்னோம்' என்னும் மேசைச் சூழலின் வேலை. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் 'கே.டி.இ.' என்ற சூழலைத் தொடங்கினார். அது நம்பியிருந்த 'க்யூ.டி.' நிரல் தொகுதியின் உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை என்று, மறு ஆண்டே மெக்சிகோ இளைஞர்கள் மிகெல் தெ இகாசாவும் பெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினர். பிற்பாடு உரிமம் மாறியது, இரண்டும் நிலைத்துவிட்டன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பா என்று சிஸ்டர் சிரித்தார்கள்.

எங்கள் கணினிக்கு க்னோம் பெரும் சுமை. ஒரு கோப்பு திறப்பதற்குள் 'அருள் நிறைந்த மரியே' மும்முறை சொல்லி முடிக்கலாம். ஆகவே இலகுவான 'எக்ஸ்.எஃப்.சி.இ.' சூழலை நிறுவினோம். அத்தோடு நின்றிருக்கலாம். இடம் மிச்சமாகட்டும் என்று, யாரிடமும் கேளாமல், க்னோமை நீக்கினோம். அதனோடு, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத் திரையும் போய்விட்டது.

கணினியை மீண்டும் இயக்கினால் கறுத்த திரை. மூலையில் ஒரே ஒரு வரி. மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரைகளெல்லாம் அதற்குள்தான்! வேறு படியும் எடுத்து வைக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு விடுதிக்கு ஓடிவிடலாமா என்றுகூட எண்ணினோம். எங்களில் ஒருத்தி அழத் தொடங்கவே, சிஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னோம்.

அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "மேசை விரிப்பைத்தானே எடுத்தீர்கள், மேசையை அல்லவே" என்றார்கள். யுனிக்ஸ் வழிவந்த முறைகளில் இயங்குதளம் வேறு, அதன்மேல் விரிக்கும் சூழல் வேறாம். கறுத்த திரையிலேயே பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே போய், 'எல்.எஸ்.' என்று தட்டச் சொன்னார்கள். கோப்புகளின் பட்டியல் வந்தது! அந்த வெறுந்திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் பெயர்களெல்லாம் பொருளற்ற குறிகளாகவே இருந்தன. வரிகளை விரல் வைத்து எண்ணினோம். இரண்டாம் முறையும் எண்ணினோம். 31.

பிறகு 'ஸ்டார்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. 4' என்ற கட்டளையை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் அடித்ததும் புதிய மேசை விரிந்தது. முதல் வேலையாகக் கட்டுரைகளைப் பென்டிரைவில் படியெடுத்தோம்.

நுழைவுத் திரையை மறுநாள் நிறுவினோம்; க்னோமைத் திரும்ப நிறுவவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மட்டும், "அக்கா, பழைய படம் எங்கே?" என்று இன்னும் கேட்கிறாள்.