மூடுவதற்கு முன்

நாலு நாட்களாகச் சாப்பாட்டு மேஜையின் பாதியை ஒரு குண்டுவீச்சு விமானம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறக்கைகள் ஒரு பக்கம், நாலு எஞ்சின்கள் ஒரு பக்கம். உடல் மட்டும் நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய் மாதிரி இரண்டு பாதியாகக் கிடக்கிறது. "ஒட்டி எடுத்து வச்சா மேஜையைத் துடைச்சிடுவேன்" என்று மனைவி சொல்வது இது மூன்றாவது தடவை. "நாளைக்கு" என்கிறார் அவர். பசை தயார். ஒட்டத்தான் மனசு வரவில்லை.

பெங்களூரில் வசிக்கும் அவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வயது 65. பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்வது 30 வருடப் பழக்கம். அலமாரியில் ஸ்பிட்ஃபயர், நாட், கேன்பெரா எல்லாம் இருக்கின்றன. லிபரேட்டரை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். பி-24 என்ற அந்த அமெரிக்க விமானம் இரண்டாம் உலகப் போரில் 18,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டது. நிஜத்தில் இறக்கையின் நீளம் 33.5 மீட்டர். 72ல் ஒரு பங்கு மாடலில் சுமார் 46.5 சென்டிமீட்டர்.

அவசரப்பட்டால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அவருக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. பழைய கிட்டுகளில் ரிவெட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த அளவை 72ஆல் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வரும். அவ்வளவையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, ஊசி முனையால் வரிசை வரிசையாகக் குத்தியிருக்கிறார். குண்டு அறைக் கதவுகள் கடை ஷட்டர் மாதிரி மேலே சுருண்டு ஏறுவது லிபரேட்டரின் தனி அடையாளம். அதற்கு நெளிவு வேண்டும் என்று மெல்லிய தகட்டை வைத்து ஒரு மாதம் போராடினார். மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒளித்தாகிவிட்டது. இல்லாவிட்டால் வால் தரையைத் தொட்டு விமானம் அண்ணாந்து உட்கார்ந்துவிடும். வெளித்தோலுக்குச் சமையலறை அலுமினியத் தாள்தான். பாதியைப் பளபளப்பாக விட்டு, பாதியைப் பஞ்சால் தேய்த்து மங்கலாக்குவார். ஏனென்றால் அவர் செய்வது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த விமானம் அல்ல. ஒட்டுப் போட்டது.

லிபரேட்டர் இந்திய விமானமான கதை விசித்திரமானது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடமிருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் நிறுத்தி, மறுபடி பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனது. சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்கோ கனரகக் குண்டுவீச்சு விமானம் என்று ஒன்றுகூட இல்லை. கான்பூர் குப்பையைத் தேற்ற முடியுமா என்று பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைக் கேட்டார்கள். பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குக் கான்பூரிலேயே பழுது பார்த்து, சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஓட்டி வந்தார். முழு வேலையும் பெங்களூரில் நடந்தது. 1948 நவம்பரில் லிபரேட்டர்களுடன் 5வது ஸ்குவாட்ரன் உருவானது. சுமார் 40 விமானங்கள் உயிர் பெற்றன. கடைசி விமானம் ஓய்வு பெற்றது 1968ல். பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் பல இங்கிருந்து போனவை.

முன்ஷியின் பெயர் விமானப்படை வரலாற்றில் இருக்கிறது. ஒட்டுப் போட்டவர்களின் பெயர் இல்லை. அவர்களில் ஒருவர் இவருடைய அப்பா.

வேலூர்ப் பக்கத்திலிருந்து 19 வயதில் வேலை தேடி வந்த ஒல்லிப் பையன். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்று விசையால் ஓடும் கன்னை அழுத்துவார். இன்னொருவர் உள்ளே, அதே இடத்தில் 'டாலி' என்ற இரும்புக் கட்டியைத் தகட்டோடு பிடித்திருக்க வேண்டும். வால் பக்கம் குறுகல். ஒல்லிப் பையன்களைத்தான் உள்ளே அனுப்புவார்கள். அலுமினிய உருளைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தச் சத்தம். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு. "வெளிய இருக்கறவனுக்கு அடிதான் வேலை. உள்ள இருக்கறவன் வாங்கணும்" என்பாராம் அப்பா.

40 வயதுக்குள் அப்பாவின் காது போய்விட்டது. வீட்டில் எல்லோரும் கத்தியே பேசிப் பழகினார்கள். இவர் இன்றும் சத்தமாகத்தான் பேசுவார். "எதுக்குக் கத்தறீங்க, பக்கத்துலதானே இருக்கேன்" என்பார் மனைவி.

1976. பள்ளி விழாவில் பேச்சுப் போட்டிக்கு இவருக்குப் பரிசு. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தார். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் "என்னடா பேசினே, சொல்லு" என்று அப்பா கேட்க, 16 வயசுக் கோபம் ஒரு வார்த்தையை முணுமுணுத்தது. செவிடு என்பதோடு சேர்த்துச் சொல்லும் வார்த்தை. கேட்காது என்ற தைரியம்தான். பல வருடங்கள் கழித்து அம்மா ஏதோ பேச்சில் சொன்னார்: "அவருக்குக் காது வேணாம்டா, உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவார்." அன்று தெருவிளக்கு வெளிச்சத்தில் அப்பா தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. 2004ல் அப்பா போகும் வரை இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மாடல் வேலையில் அவருக்கு ஒரு விதி உண்டு: புகைப்படத்தில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. சக மாடல்காரர்களின் தவறுகளைச் சுட்டிக்காட்டிப் பகைத்துக்கொண்டதும் உண்டு. அந்த விதியைத்தான் நாலு நாட்களுக்கு முன்பு மீறியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் எட்டாத வால் பகுதியில், குந்தி உட்கார்ந்த ஒரு மனிதன். உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. கையில் கடுகளவு இரும்புக் கட்டி, சுவரோடு அழுத்தியபடி. காதில் வெள்ளைப் புள்ளி. ஒற்றை மயிர்த் தூரிகையால் வைத்தது. விமானப்படையின் வட்டச் சின்னம் போட்டுப் பறக்கத் தயாராக நிற்கும் விமானத்துக்குள் ஃபிட்டருக்கு என்ன வேலை என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. ஒட்டிவிட்டால் கேட்கவும் ஆளிருக்காது. யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை காபியோடு வந்த மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "யாரு உள்ள? மாமாவா?"

அவர் தலையாட்டினார்.

"உள்ளயே வச்சு மூடிடப் போறீங்களா?"

"அங்கதான் இருந்தார்" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக.

மனைவி ஒரு பாதியைப் பிடித்துக்கொள்ள, விளிம்பில் பசை தடவி மறு பாதியை அவர் அழுத்தினார். ஏழு ரப்பர் பேண்டுகள். காய ஒரு ராத்திரி ஆகும். மேஜையை மறுநாள்தான் துடைக்க முடிந்தது.